வேர்க்கடலை சாம்ராஜ்யம்

ஐரோப்பியர்கள் ஏன் மற்ற கண்டங்களைத் தேடிப் போனார்கள் என்ற கேள்விக்கு, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், அவர்கள் ஊரில் மார்க்கெட் இல்லை என்று எழுதியிருந்தான். பாடப்புத்தகத்தில் ‘சந்தைகளின் தேவை’ என்று இருந்தது. மற்றவர்கள் அதை அப்படியே ஒப்பித்து எழுதி முழு மதிப்பெண் வாங்கினார்கள். இவன் மட்டும் அர்த்தம் யோசித்திருக்கிறான். சேக்காட்டிலிருந்து அம்மாவோடு ஆவடி மார்க்கெட்டுக்குக் காய் வாங்க நடந்தே போகிற பையன். அதற்காகக் கப்பலேறி வந்தவர்கள்மீது அவனுக்குக் கொஞ்சம் பரிதாபம்கூட இருந்தது. ‘பாவம், ரொம்ப தூரம்’ என்று கடைசியில் சேர்த்திருந்தான். அரை மதிப்பெண் போட்டேன்.

எண்பதுகளின் கடைசியில் அந்தப் பள்ளியில் வரலாறு எடுக்கச் சேர்ந்திருந்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி. அம்பத்தூரிலிருந்து ரயிலில் ஆவடி வந்து, ஸ்டேஷனிலிருந்து பஸ். பிள்ளைகளில் பாதிப் பேர் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களின் வீடுகளிலிருந்து, அதாவது குவார்ட்டர்ஸிலிருந்து வந்தார்கள். மீதிப் பேர் சேக்காடு, பாரிவாக்கம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து. குவார்ட்டர்ஸ் பிள்ளைகளின் அப்பாக்கள் டாங்கி செய்தார்கள். ஆனாலும் வகுப்பில் போர் என்ற பாடம் வந்தால் எல்லோரும் ஒரே மாதிரி தூங்கினார்கள்.

அந்த வருஷம் என் அக்காவின் வீட்டுக்காரர் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது பிள்ளைகளுக்காக ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தார். மடித்து வைத்த உலக வரைபடம், ஆறு நிறத்தில் குண்டுமணி அளவு சிப்பாய்கள், சில பகடைகள். நாடு பிடிக்கிற விளையாட்டு. அக்காவின் சின்னவன் இரண்டு சிப்பாய்களை விழுங்கிவிட்டான். அவை வெளியே வந்தபிறகு பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்து சாப்பிட்டபின் நானும் என் கணவரும் கொழுந்தனாரும் விளையாட உட்கார்ந்தோம். என் கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை ஒன்றில் ஃபோர்மேன். பல்லியைக்கூட அடிக்க மாட்டார், துடைப்பத்தால் மெதுவாக வெளியே தள்ளுவார். ஆஸ்திரேலியாவைத் தொடமாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அதை நம்பி என் படையை மொத்தமாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினேன். அடுத்த சுற்றில் ஆஸ்திரேலியாவைப் பிடித்துவிட்டார்.

“தொடமாட்டேன்னு சொன்னீங்களே?” என்றேன்.

“சொன்னேன்,” என்றார். “ஆனா நீ அங்க யாரையும் வைக்கலியே.”

அவர் முகத்தில் குற்ற உணர்ச்சியே இல்லை. காலியாகக் கிடந்த இடத்தை ஒழுங்குபடுத்தியது மாதிரி சிப்பாய்களை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக நான் கரும்பலகையில் எழுதியும் வகுப்புக்குப் புரியாத விஷயம் என் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு அப்பளம் வைக்கவில்லை. திங்கட்கிழமை தலைமை ஆசிரியை சிஸ்டரிடம் போய், வரைபடம் வைத்து ஒரு செயல்முறைப் பாடம் நடத்த அனுமதி கேட்டேன். பகடையைப் பற்றிச் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

பெட்டியில் இருந்த வரைபடம் ஒரு வகுப்புக்குப் போதாது. பழைய டபுள் பெட்ஷீட்டில் நானே உலகத்தை வரைந்தேன். பட்டறையில் மிஞ்சிய பெயின்டைக் கொண்டுவந்து, என் கணவர் புளியங்கொட்டைகளுக்கு நிறம் அடித்துக் கொடுத்தார். அவை சிப்பாய்கள். வகுப்பில் முன்பெஞ்சுக்காரர்களை ஐந்து சாம்ராஜ்யங்களாகப் பிரித்தேன். மீதி இருந்தவர்கள்தான் அதிகம். அவர்களுக்குக் கொடுக்க சாம்ராஜ்யம் மிச்சம் இல்லை. ஆகவே அவர்களைக் காலனிகள் என்று அறிவித்து, பெட்ஷீட்டில் ஆசியா, ஆப்பிரிக்கா ஓரமாக உட்காரவைத்தேன். ஒவ்வொரு காலனியிடமும் ஒரு கொட்டாங்கச்சி நிறைய வேர்க்கடலை. அது மூலப்பொருள். ஒவ்வொரு சுற்றிலும் சாம்ராஜ்யம் வந்து கடலையை எடுத்துக்கொண்டு போகும். வசூல் முடிந்ததும் நான் மறுபடி நிரப்புவேன், அது விளைச்சல். ஒரு கை கடலை கொடுத்தால் என்னிடம் ஒரு புதுச் சிப்பாய் வாங்கலாம். சண்டை வந்தால் பகடை. விதிகள் இவ்வளவுதான்.

பிரிட்டன் ஒரு குவார்ட்டர்ஸ் பெண்ணிடம் போனது. திருநெல்வேலிப் பக்கக் குடும்பம். இரட்டைப்பின்னல் போட்டு, கேட்டால் மட்டும் பேசுகிற பெண். இந்தியா சேக்காட்டுப் பையனிடம் வந்தது. அவனோடு இன்னும் நாலைந்து பேர், அவர்களில் ஒருவன் அவன் உயிர் நண்பன். இருவரும் ஒரே சைக்கிளில் பள்ளிக்கு வருகிறவர்கள். நண்பன் மிதிப்பான், இவன் கேரியரில் உட்கார்ந்து வழி சொல்வான்.

முதல் இரண்டு பீரியடும் சாம்ராஜ்யங்கள் மகிழ்ச்சியாக இருந்தன. எழுந்து போய்க் கடலை எடுப்பதும், பேரம் பேசுவதும், ஒருவர் காதில் ஒருவர் ரகசியம் சொல்லிக் கூட்டணி போடுவதுமாக இருந்தார்கள். யார் எதற்காகப் புளியங்கொட்டையை எல்லையில் வைத்தாலும், எதற்கு என்று நான் கேட்டால், “பாதுகாப்புக்கு மிஸ்,” என்றார்கள்.

சேக்காட்டுப் பையன் கையைத் தூக்கினான்.

“இன்னா மிஸ் இது. அவங்க மட்டும் ஆடறாங்க. நாங்க சும்மா குந்திகினு கீறோம்.”

“நீங்க காலனிப்பா. விளைய வச்சுக் குடுக்கணும்.”

“குடுத்தா எங்களுக்கு இன்னா கிடைக்கும்?”

விதிகளில் அதற்கு ஒன்றும் இல்லை. சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் கொட்டாங்கச்சியைப் பார்த்தான். பிறகு ஒரு கடலையை எடுத்து, உரித்து, வாயில் போட்டுக்கொண்டான்.

நான் பச்சைக் கடலை வாங்கியிருக்கலாம். ஸ்டேஷன் வாசலில் வறுத்ததுதான் கிடைத்தது. அந்தப் பீரியட் முடிவதற்குள் இந்தியா முழுவதும் மூலப்பொருளைத் தின்றுவிட்டது. பர்மாவும் தொடங்கியது. அடுத்த நாள் பிரிட்டன் வரி வசூலுக்கு வந்தபோது கொட்டாங்கச்சியில் தோல் இருந்தது.

“மிஸ், தின்னுட்டாங்க,” என்றாள் அந்தப் பெண்.

“உன் காலனி. நீதான் பார்த்துக்கணும்.”

நான் எதிர்பார்த்தது, அவள் கத்துவாள், அவர்கள் கத்துவார்கள், அதிலிருந்து ஒத்துழையாமை இயக்கத்துக்குப் போய்விடலாம் என்று. அவள் கத்தவில்லை. முதலில் நாலைந்து புளியங்கொட்டைகளை இந்தியாவில் காவலுக்கு வைத்தாள். புளியங்கொட்டையால் ஒருவன் வாயை மூட முடியவில்லை. பெஞ்சுக்குத் திரும்பிப்போய் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள். பிறகு எழுந்து வந்து சேக்காட்டுப் பையனைத் தாண்டி, அவன் நண்பன் முன்னால் குந்தினாள்.

“நீ இதப் பார்த்துக்கிறியா? யாரும் திங்காம பார்த்துக்கிட்டா உனக்கு மட்டும் தினம் ஒரு கை. யாருக்கும் பயப்படாம திங்கலாம்.”

நண்பன் என்னைப் பார்த்தான். பாடப்புத்தகத்தில் நாற்பதாம் பக்கத்துக்கு மேல் வரவேண்டியதை அவள் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டிருந்தாள், நடுவில் பேச எனக்கு வாய் வரவில்லை.

“சரி,” என்றான் நண்பன்.

அதன்பிறகு இந்தியாவில் விளைச்சல் குறையவே இல்லை. அவன் நல்ல கண்காணிப்பாளன். யார் கை கொட்டாங்கச்சிக்குப் போகிறது என்பது அவனுக்கு முன்கூட்டியே தெரியும், ஏனென்றால் முந்தின நாள்வரை அவனும் அதையேதான் செய்துகொண்டிருந்தான். தின்றவர்களின் பெயரைக் கரும்பலகை மூலையில் எழுதினான். முதல் பெயர் சேக்காட்டுப் பையனுடையது. அவன் கையில் மிச்சமிருந்த கடலையைப் பிரிட்டன் பிடுங்கிக்கொண்டது.

அன்று மாலை பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன். நண்பன் சைக்கிளைத் தனியாக மிதித்துக்கொண்டு போனான். சேக்காட்டுப் பையன் கொஞ்சம் பின்னால், பையைத் தலையில் மாட்டிக்கொண்டு நடந்து போனான். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“விளையாட்டுதானேப்பா. அதுக்காகவா பேச மாட்டேங்கற?”

“அவன் துன்னது பரவால்ல மிஸ்,” என்றான். “எம் பேர எழுதினான் பாருங்க.”

நிறுத்திவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதற்குள் போர் வந்துவிட்டது.

அது வந்த விதம் இப்படி. ஜெர்மனியாக இருந்த பையன்கள், ஆப்பிரிக்காவில் பிரான்ஸின் ஒரு கொட்டாங்கச்சிமேல் கண் வைத்திருந்தார்கள். அதில் அதிகம் இல்லை, அடியில் கொஞ்சம் சொத்தைக் கடலை கிடந்தது. பிரான்ஸ் தன் பாதுகாப்புக்கு இரண்டு புளியங்கொட்டை வைத்தது. அதைப் பார்த்து ஜெர்மனி தன் பாதுகாப்புக்கு நான்கு வைத்தது. பிரான்ஸுக்கு ஒன்று என்றால் வருகிறேன் என்று ரஷ்யா எப்போதோ டிபன் பாக்ஸ் எலுமிச்சை சாதத்துக்கு வாக்குக் கொடுத்திருந்தது. ரஷ்யா நகர்ந்தால் நகர்வேன் என்று ஜெர்மனியின் பக்கம் ஆஸ்திரியா. பிரிட்டனுக்கு இதில் எந்த அக்கறையும் இல்லை, ஆனால் எல்லோரும் எழுந்து நின்றபிறகு உட்கார்ந்திருக்க அந்தப் பெண்ணுக்குப் பயமாக இருந்தது, பிரான்ஸ் பக்கம் போய் நின்றாள்.

ஜெர்மனியின் தலைவன் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“மிஸ், வேணாம்னு சொல்லலாமா?”

“தாராளமா சொல்லலாம்.”

“சொன்னா ஆஸ்திரியா எங்கள உட்டுட்டுப் போயிருவான்.”

“போகலாம்.”

“அப்போ அவங்க மூணு பேரு, நாங்க ஒண்ணு.” பகடையைக் குலுக்கினான். “போட்டுர்றேன் மிஸ்,” என்று போட்டான்.

அந்தப் பீரியட் முழுக்கப் பகடை உருண்டது. செத்த புளியங்கொட்டைகளை ஒரு சாக்பீஸ் டப்பாவில் போட்டோம். டப்பா நிறைந்து, என் டிபன் பாக்ஸ் மூடியில் போட்டோம். கத்தலைக் கேட்டு சிஸ்டர் வந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். தரையில் பெட்ஷீட், அதன்மேல் கடலைத்தோல், நடுவில் பகடை. சிஸ்டர் குனிந்து பகடையை எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது என்ன பாடம்?”

“முதல் உலகப் போர், சிஸ்டர்.”

அவர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. பெட்ஷீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிரிட்டன் பெண்ணின் பக்கத்தில் நின்றார்.

“யார் ஜெயிக்கிறாங்க?”

அவள் ஐந்து பெஞ்சையும் திரும்பிப் பார்த்தாள். எந்தப் பெஞ்சிலும் ஒரு கைப்பிடிக்கு மேல் புளியங்கொட்டை இல்லை.

“யாரும் இல்ல சிஸ்டர்.”

“அப்புறம் ஏன் நிறுத்தல?”

சிஸ்டர் பகடையை அங்கியின் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். போர் அத்தோடு முடிந்தது. ஆயுதம் பறிமுதலானதால் முடிந்த போர் என்று நான் வகுப்பில் சொல்லிக்கொள்ளவில்லை.

மறுநாள் கணக்குப் பார்த்ததில், சாம்ராஜ்யங்களிடம் காலனிகளைக் காக்கப் போதுமான புளியங்கொட்டை இல்லை. ஆகவே எல்லாக் காலனிகளுக்கும் விடுதலை என்று அறிவித்தேன். கடலை இனி அவரவர்க்கே சொந்தம். வகுப்பு கைதட்டியது. சேக்காட்டுப் பையன் எழுந்து நின்று தன் கொட்டாங்கச்சியைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான். நல்ல இடத்தில் பாடம் முடிந்தது என்று நினைத்து நான் டஸ்டரை எடுத்தேன்.

அதற்குள் ஆப்பிரிக்காவில் சத்தம். விடுதலையான இரண்டு நாடுகளுக்கு நடுவில் ஒரு கொட்டாங்கச்சி சரியாக எல்லைக்கோட்டின்மேல் இருந்தது. அது யாருடையது என்று இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். ஒரு பெண் குனிந்து பெட்ஷீட்டில் கோட்டை விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இந்தக் கோடு யாரு மிஸ் போட்டது?”

“நான்தான்.”

“ஏன் நேரா போட்டீங்க? எங்க ஜனங்க பாதிப்பேரு அந்தப் பக்கம் குந்திகினு கீறாங்க.”

“ஸ்கேல் வச்சுப் போட்டேன்மா. அதான் நேரா வந்துது.”

“எங்களக் கேக்கவே இல்லியே.”

“நீங்க அப்ப அங்க உட்காரல.”

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அன்றைக்கு வகுப்பை விட்டுப் போனபோது யாரும் எனக்கு வணக்கம் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் பிரிட்டன் பெண்ணின் அப்பா பள்ளிக்கு வந்தார். ஷிஃப்ட் முடிந்து நேராக, காக்கிச் சட்டையோடு. ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றப் போனவரை வேண்டாம் என்று உள்ளே உட்காரவைத்தேன். பகடை விஷயமாகச் சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்து, பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

“டீச்சர், நான் டாங்கிக்குள்ள இருக்க சீட்டு தைக்கவன்,” என்றார். “ரெக்சின், ஸ்பாஞ்சு, அந்த வேலை.”

“சொல்லுங்க.”

“முந்தாநாத்து சோறு தின்னுட்டு இருக்கையில எம் மவ கேக்கா, அப்பா, நீங்க செய்யுற டாங்கி யாரச் சுடும்னு. நான் சொன்னேன், தாயி, அது யாரையும் சுடதுக்கு இல்ல, நம்ம நாட்டுப் பாதுகாப்புக்குன்னு.” நிறுத்தினார். “அதுக்கு அவ சொல்லுதா, வகுப்புல எல்லாரும் அதத்தாம்ப்பா சொன்னோம்னு. சொல்லிட்டு கைகழுவப் போயிட்டா.”

ஜன்னலுக்கு வெளியே ஏழாம் வகுப்பின் டிரில் பீரியட் விசில் கேட்டது. அவர் கோபமாக இல்லை. கைக்குட்டையை எடுத்து, துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் செய்யுத வேலைல தப்பு ஒண்ணும் இல்லல்லா டீச்சர்?”

“இல்லங்க. கட்டாயம் இல்ல.”

“அப்ப அவட்ட என்ன சொல்ல?”

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். எல்லா நாட்டுக்கும் படை வேண்டியிருக்கிறது, படை இருப்பதும் படையெடுப்பதும் ஒன்றல்ல, விளையாட்டில் எல்லாவற்றையும் கொண்டுவர முடியாது. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் முடித்ததும், “இத நீங்களே அவட்ட சொல்லிருங்க டீச்சர்,” என்றார். “நான் சொன்னா சோத்த வச்சிட்டு எந்திரிச்சிருவா.”

சொன்னேன். திங்கட்கிழமை மத்தியானம் அந்தப் பெண்ணை வராந்தாவில் நிறுத்திச் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டாள்.

“அப்பா வந்தாரா மிஸ்?” என்றாள்.

“வந்தார்.”

“திட்டினாரா?”

“இல்ல. வருத்தப்பட்டார்.”

அவள் பின்னலின் நுனியைச் சுற்றிக்கொண்டே நின்றாள். “நான் அவரச் சொல்லல மிஸ். எனக்கே நான் என்னத்துக்கு சண்டைக்குப் போனேன்னு தெரியல, அதான் கேட்டேன்.” பிறகு மணி அடித்தது.

வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, “எங்க பட்டறையிலயும் டாங்கிக்குப் பின்னு கடைஞ்சு அங்க அனுப்பறோம்,” என்றார். அவர் பட்டறையின் சரக்கு எங்கே போகிறது என்று அதுவரை நான் கேட்டதில்லை. அன்றும் அதற்குமேல் கேட்கவில்லை.

முழுப்பரீட்சை வந்தது. எங்கள் தாள்களைத் திருத்தியது பக்கத்து வகுப்பு ஆசிரியர், எந்தக் கதையும் தெரியாதவர். முதல் உலகப் போருக்கான காரணங்களில் சொத்தைக் கடலையைப் பாதி வகுப்பு சேர்த்திருந்தது. இது எந்தக் கையேட்டில் இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்டார். சேக்காட்டுப் பையன் இந்த முறை ஏகாதிபத்தியத்துக்கு ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். அதில் கண்காணிப்பாளர்களைப் பற்றித்தான் நிறைய. அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. அவனும் நண்பனும் பத்தாம் வகுப்புக்குப் போனபிறகு பேசிக்கொண்டார்கள், ஒரே டீமில் கிரிக்கெட் ஆடினார்கள். ஆனால் அதற்குள் இவனுக்கும் ஒரு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த வருஷம் பள்ளி திறந்ததும் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். திட்டு விழும் என்று போனேன். அந்த வரைபடத்தை இந்த வருஷமும் வைத்து நடத்துங்கள் என்றார். இரண்டு நிபந்தனை. கடலை கூடாது, பகடை கூடாது.

“பகடை இல்லாம சண்டை எப்படி சிஸ்டர்?”

“பேசட்டும்,” என்றார்.

பேசினார்கள். அந்த வகுப்பு ஜூலையில் பேசத் தொடங்கியது. கடலைக்குப் பதிலாகச் சோழி வைத்திருந்தேன், அதைத் தின்ன முடியாது. ஜெர்மனி ஆப்பிரிக்காவைக் கேட்டது, பிரான்ஸ் யோசித்துச் சொல்கிறேன் என்றது, யோசிக்கிறதற்குள் காலாண்டுத் தேர்வு வந்தது. காலனிகள் எழுந்து தாங்களும் பேச வேண்டும் என்றன. அவர்களையும் பேசவிட்டதில் அரையாண்டும் போய்விட்டது. வரலாற்றில் அந்த வகுப்புதான் பள்ளியிலேயே கடைசி.

பிப்ரவரியில் கல்வி அதிகாரி இன்ஸ்பெக்ஷனுக்கு வந்தார். பெட்ஷீட்டைச் சுற்றி உட்கார்ந்து ஒருவருக்கொருவர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் பாடத்திட்டக் குறிப்பைப் புரட்டினார்.

“இந்நேரம் முதல் உலகப் போர் முடிச்சிருக்கணுமே. எங்க?”

“இன்னும் வரல சார்,” என்றேன்.